இடது கையில் வேல்

1

பினாங்கில் முன்னேறிய கதையை எழுதி அனுப்புங்கள் என்று நம் ஊர் மலரிலிருந்து கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. சோம்பலால் எழுதாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். எழுதினால் பெரிதாக எழுத வேண்டியிருக்கும். அவ்வளவு பெரிதாக முன்னேறியிருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காதவன் நான். இன்று ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடிக் கடைவீடு. கீழே மூன்று ஆஃப்செட் மெஷின், மேலே குடித்தனம். இந்தத் தீவில் தமிழில் கல்யாணப் பத்திரிகை அடிக்க நினைக்கிறவர் பாதிப்பேர் என் படியைத்தான் மிதிக்கிறார்கள். படகேறி அக்கரைக்குப் போனால், பாகான் டாலாமில் தொடங்கி நிபோங் திபால் வரை, எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்கு மேலே என் காலண்டர் தொங்கும். அதில் ஒரு முருகன் நிற்பார். பச்சை மயில், சிவப்புப் பட்டு, இடது கையில் வேல். பினாங்கு முருகன் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் ஊருக்கு வந்த இரண்டு தடவையும் அந்தக் காலண்டரைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து உங்களுக்குக் கொடுத்தேன். உங்களில் சிலர் வீட்டில் இன்னும் இருக்கும். வேல் ஏன் இடது கையில் இருக்கிறது என்று கேட்டவர்களிடம், என் கனவில் அப்படித்தான் வந்து நின்றார், பார்த்ததை வரைந்தேன் என்று சொன்னேன். பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில், பத்துப் பேர் சுற்றி நிற்க, டீ ஆறிப்போகிற அளவுக்கு அந்தக் கனவை விவரித்தது நினைவிருக்கிறது.

அது பொய்.

இந்த ஒரு வரியை எழுதத்தான் எட்டு மாதம் ஆயிற்று. எழுதிவிட்டதால் மீதியையும் எழுதிவிடுகிறேன்.

2

சிவகாசியில் நான் வேலை பார்த்த பிரஸ் உங்களில் வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாளியின் பிள்ளைகள் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. வாசலில் வேப்பமரம், உள்ளே நுழைந்ததும் மண்ணெண்ணெய் வாடையும் மை வாடையும் கலந்து மூக்கில் ஏறும். அந்த வாடையை இன்றைக்கும் யாராவது புட்டியில் அடைத்து விற்றால் வாங்கிக்கொள்வேன்.

அப்போதெல்லாம் படம் அச்சடிப்பது கல்லில். கண்ணாடி மாதிரி தேய்த்த கல்லின் மேல் மெழுகு மையால் படத்தைத் திருப்பி வரைய வேண்டும். வலது இடதாக, இடது வலதாக. தாளை வைத்து அழுத்தி எடுத்தால் எல்லாம் நேராகிவிடும். நான் அங்கே எழுத்து வரைகிறவன். தீப்பெட்டி லேபிளில் வருகிற எழுத்து. பள்ளிக்கூடத்தில் பிடிபடாத தமிழ் எனக்கு அந்தக் கல்லின் மேல்தான் பிடிபட்டது, அதுவும் கண்ணாடியில் தெரிகிற தமிழாக. 'க'வின் சுழி எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொல்வேன். இன்றைக்கும், நேராக எழுதியதைவிடத் திருப்பி எழுதியதை வேகமாக வாசிப்பேன். இதை வேறு எவனும் செய்துவிட முடியாது என்று எத்தனையோ விருந்துகளில் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன்.

எங்கள் பிரஸ்ஸில் சாமி படம் வரைகிறவர் மாசிலாமணி அண்ணாச்சி. ஒல்லியான மனிதர். வெற்றிலைக் காவி படிந்த விரலால் பிரஷ்ஷைப் பிடித்தால் சாமிக்குக் கண் திறக்கும். அவர் வரைந்த முருகன் ஒன்று அந்தக் காலத்தில் வெகு பிரபலம். நாங்கள் நாலு பேர் அதைக் கல்லுக்கு மாற்றுவோம். ஒரு நாள் அந்த மயிலை எங்கே பார்த்து வரைந்தீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். சீமையிலிருந்து வருகிற துணிக்கட்டின் லேபிளில் இருந்தது என்றார். முகம்? முகம் அவருடைய இரண்டாவது மகனுடையது. வேலை கிடைக்காமல் நாலு மாதம் வீட்டில் இருந்தவனை எதிரில் உட்கார வைத்து வரைந்துவிட்டார்.

"எவன் வளத்த மயிலோ, எங்கிட்ட வந்து மேயுது. நாளைக்கு உங்கிட்ட வந்து மேயும்லே" என்று சிரித்தார்.

படத்தின் அடியில் பிரஸ் பெயரும் ஊர்ப் பெயரும் வரும். அண்ணாச்சியின் பெயர் வராது. அதற்காக அவர் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. வருத்தம் இருக்கிறதா என்று நானும் கேட்டதில்லை.

கப்பலேறப் புறப்பட்டபோது அவர்தான் அந்த முருகன் காலண்டர் ஒன்றைச் சுருட்டி என் டிரங்குப் பெட்டியில் செருகினார். அங்கே சாமி படம் கிடைக்குமோ கிடைக்காதோ, வைத்துக்கொள் என்றார். அதில் வேல் வலது கையில் இருந்தது.

3

பினாங்கில் முதல் பதினைந்து வருடம் இன்னொருவர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தேன். இங்கே தமிழர் என்றால் இரண்டு விதம். யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும், அவர்கள் கந்தோர் என்கிற ஆபீஸிலும் பேனா பிடித்தவர்கள். ஒரு கமா இடம் மாறினால் பத்திரிகையைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். நம் பக்கத்து ஆட்கள் துறைமுகம், கடை, தோட்டம். அவர்களுக்கு மாப்பிள்ளை பெயர் சரியாக இருந்தால் போதும். இரண்டு தரப்புக்கும் அடித்துக் கொடுத்து இரண்டு தரப்பிடமும் பேர் வாங்கினவன் நான் ஒருவன்தான்.

பிறகு ஒரு சங்கடம் வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கிறவன் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். அட்டை நீலமாக மாறக் குடியுரிமை வேண்டும், குடியுரிமைக்கு மலாயில் நேர்முகம். மூன்று மாதம் பாசாரில் மீன் விற்கிற மலாய்க்கார அம்மாவிடம் மீன் வாங்கி வாங்கிப் பேசிப் பழகினேன். மீன் பெயரெல்லாம் வந்தது. மற்றது வரவில்லை.

நேர்முகத்தன்று ஆபீசர் பெயர் கேட்டார். திருமலை என்றேன். தட்டச்சில் பாதி அடித்துவிட்டு, விரலை நிறுத்தி, "திரு? திரு சியாப்பா?" என்றார்.

மலாயில் திரு என்றால் ஒருவரைப் பார்த்து அதே மாதிரி செய்வது, நகல் அடிப்பது. யாரைப் பார்த்து நகல் என்று விளையாட்டாகக் கேட்கிறார். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. திரு யார் என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, மரியாதையாக, "சாயா திரு, துவான்" என்றேன். நான்தான் திரு, ஐயா என்று சொன்னதாக என் நினைப்பு. அவர் காதில் விழுந்தது, நான் உங்களைப் பார்த்து நகல் அடிக்கிறேன், ஐயா.

அவர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் சிரிக்க இந்த நாட்டில் அதற்குள் பழகியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்குப் பயம் இல்லாமல் பதில் சொன்னேன். கொஞ்ச காலத்தில் நீல அட்டை வந்தது.

வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் அர்த்தம் தெரிந்தது. நம் ஊரில் சாமிக்கும் பெரிய மனிதர்களுக்கும் முன்னால் போடுகிற சொல், இங்கே நகலுக்குப் பெயர். பிளாஸ்டிக் பூவை புங்கா திருவான் என்பார்கள், போலிப் பூ. என் கடைக்கு வருகிற மலாய் வாடிக்கையாளர்கள் என்னை 'எஞ்சிக் திரு', அதாவது திரு ஐயா, என்று கூப்பிடும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். கெட்ட மனிதர்கள் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு வாங்கித் தின்கிறவர்கள்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பு என்னை எங்கேயோ குத்தும். எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும்.

4

நீல அட்டை வந்ததும் சொந்தக் கடை போட்டேன். ஆ செங் என்று ஒரு சீனர், பழைய மெஷின் வாங்கி விற்கிறவர், என்னைவிடச் சுத்தமான தமிழில் திட்டுவார். அவரிடம்தான் முதல் ஆஃப்செட் மெஷின் வாங்கினேன். அந்த வருடக் காலண்டருக்கு முருகன் படம், நானே வரைந்தது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. உட்கார்ந்து பார்த்தால் கை எழுத்தை மட்டும்தான் வரைகிறது. முகம் வரவில்லை. மூன்றாம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

அண்ணாச்சியின் முருகன் மேல் எண்ணெய்த் தாளை விரித்து, கோடு கோடாக எடுத்து, ஆறு நிறத்துக்கு ஆறு தகட்டில் கையால் இறக்கினேன். இங்கேதான் தப்பு நடந்தது. கல்லில் படத்தைத் திருப்பி வரைய வேண்டும். ஆஃப்செட்டில் அப்படி இல்லை. தகட்டிலிருந்து படம் முதலில் ரப்பரில் விழுந்து, ரப்பரிலிருந்து தாளில் விழுகிறது. இரண்டு தடவை திரும்புவதால் தகட்டில் நேராகவே வரைய வேண்டும். ஆ செங் இதைத் தலையில் அடித்துச் சொல்லித்தான் மெஷினைக் கொடுத்தார். எனக்கும் தெரியும். ஆனால் எண்ணெய்த் தாளைத் தகட்டின் மேல் வைக்கும்போது, கை தன் போக்கில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. பத்து வருடம் கல்லில் பழகிய கை. வேடிக்கை என்னவென்றால், மெஷினிலிருந்து தாள் வந்து விழ விழ நான் பக்கத்திலேயே நிற்கிறேன், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. திரும்பின படம்தான் என் கண்ணுக்கு நேரான படம்.

என் மனைவி பாக்கியம் டீ கொண்டு வந்தாள். மெஷின் பக்கம் எட்டிப் பார்க்காதவள் அன்றைக்கு ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, சாமி ஏன் வேல பீச்சாங்கையில புடிச்சிருக்காரு?"

கட்டுக் கட்டாக அடித்து அடுக்கியிருந்தது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் என் வாய் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டது. "கனவுல அப்படித்தான் வந்தாரு."

"எப்ப வந்தாரு?"

"நேத்து."

"நேத்து நீங்க கண்ணே மூடலையே. தகட்டு முன்னாடி ஒக்காந்துகிட்டே இருந்தீங்க."

அவ்வளவுதான் அவள் சொன்னது. டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு இருபது வருடமாக அந்தக் கனவை நான் யாருக்குச் சொன்னாலும் பாக்கியம் அந்த இடத்தில் இருக்க மாட்டாள். அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

படம் போன போக்கைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வலது கை ஆசீர்வாதம் பண்ணத் தோதாக இருக்கட்டும் என்றுதான் வேலை இடது கைக்கு மாற்றிக்கொண்டார் என்று நிபோங் திபாலில் ஒரு லாரி டிரைவர் எனக்கே விளக்கம் சொன்னார். கோலக்காரர்கள் இடது கை முருகனைப் போட்டார்கள். தைப்பூசக் காவடியில் இடது கை முருகன் வந்தார். மூன்றாம் வருடம் அக்கரையில் ஒரு அச்சகக்காரர் என் முருகனை அப்படியே எடுத்துத் தன் காலண்டரில் போட்டார். படகேறிப் போய், என் படத்தைத் திருடிவிட்டாய் என்று நடுத்தெருவில் நின்று கத்திவிட்டு வந்தேன். திரும்பி வருகிற படகில் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

5

என் மகள் செல்வி இடது கைக்காரி. அந்தக் காலண்டர் வந்த அடுத்த வருடம் அவளைப் பள்ளியில் சேர்த்தோம். இந்த ஊரில் மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்குமே இடது கையால் ஒன்றைக் கொடுப்பது மரியாதைக் குறைவு. பாக்கியம் அவள் இடது கையில் துணியைச் சுற்றி வைப்பாள். செல்வி அதைப் பல்லால் அவிழ்த்துவிடுவாள். ஒரு நாள் பள்ளியில் பிள்ளைகள் பீச்சாங்கை என்று கேலி பண்ணியதில் அழுதுகொண்டே வந்து, சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டிக் கேட்டாள்.

"சாமியும் பீச்சாங்கையா, அப்பா?"

"ஆமாண்டா. உனக்காகத்தான் அப்பா அப்படி வரைஞ்சேன்."

அழுகை நின்றுவிட்டது. மறுநாள் அவளே துணியைத் தாயிடம் திருப்பிக் கொடுத்து, இனி வேண்டாம், சாமிக்கு யாரும் கட்டவில்லை என்றாளாம். கனவுப் பொய்யை ஊருக்குச் சொன்னேன். இதை என் பிள்ளைக்குச் சொன்னேன். முதல் பொய் எனக்கு உதவியது. இரண்டாவது அவளுக்கு உதவியது, அதனால் அதைப் பொய் என்றே நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

என் மகன் சேகர் ஜுருவில் கார் விற்கிறான். வாய் என்னுடையது. செல்விதான் என் தொழிலுக்கு வருவாள் என்று இருந்தேன். வந்தாள், ஆனால் எனக்குப் புரியாத வழியில் வந்தாள். ஓவியக் கல்லூரியில் அச்சுப் படம் படித்தாள். படித்துவிட்டு வந்து மாடியின் பின்னறையில் ஒரு மெஷின் போட்டாள். பார்த்தால் துணி பிழிகிற உருளை மாதிரி இருக்கும், மின்சாரம் கிடையாது, கையால் சுற்ற வேண்டும். ஒரு தகட்டைச் செதுக்க இரண்டு மாதம். அதில் பன்னிரண்டு தாள் எடுப்பாள். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் நம்பர் போட்டுக் கையெழுத்துப் போடுவாள். பிறகு அந்தத் தகட்டின் மேல் ஆணியால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவாள், இனி எவரும் அதில் அச்செடுக்கக் கூடாது என்று.

முதல் தடவை அதைப் பார்த்தபோது என் உடம்பே பதறிவிட்டது. நல்ல தகடு, இன்னும் ஐயாயிரம் ஓடும். பெற்ற பிள்ளையின் கழுத்தை அறுத்த மாதிரி இருந்தது. கேட்டால், "அதான்ப்பா ரூல்" என்றாள்.

செல்வி தமிழ் பேசுவாள், பாதி இங்கிலீஷும் கால் மலாயும் கலந்து. வாசிக்கத் தெரியாது. என் கடையில் அடிக்கிற பத்திரிகையை அவள் ஒரு கோலத்தைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பாள். அடியில் என் கடைப் பெயர் எந்த மூலையில் இருக்கும் என்று மட்டும் தெரியும், வடிவத்தை வைத்து.

6

இந்தத் தைப்பூசத்துக்கு முன்னால் பழைய தகடுகளைக் கேட்டாள். கண்காட்சி வைக்கப் போகிறாளாம். ஆறு முருகன் தகட்டையும் தூக்கிக் கொடுத்தேன், பெருமையாகத்தான் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, அதில் கறுப்பு மைக்கான தகட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"அப்பா, இந்த மூலையில என்னமோ எழுத்து சொரண்டியிருக்கு. வெளிச்சத்துல சாச்சுப் பார்த்தா தெரியுது. என்ன எழுதியிருக்கு?"

எனக்குத் தெரியும் என்ன என்று. எழுத்துக்காரன் கை. அண்ணாச்சி படத்தை எடுக்கும்போது அடியில் இருந்த ஊர்ப் பெயரையும் சேர்த்து எடுத்துவிட்டேன், பிறகு கத்தியால் சுரண்டினேன். சிவகாசி என்று இருந்தது. சுரண்டியும் போகவில்லை.

கீறல், என்றேன். மகளுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லையே என்று எத்தனையோ நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியை நினைத்துத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவள் விடவில்லை.

"கீறல் இப்படி வரிசையா நிக்காது. அப்புறம் படம் மிரர்ல இருக்கு, பூணூல்கூட தோள் மாறிப் போச்சு. ஆஃப்செட்டுக்கு யாரும் இப்படிப் போட மாட்டாங்க. நீங்க எதையோ ட்ரேஸ் பண்ணிருக்கீங்க, பழக்கத்துல திருப்பிட்டீங்க. சரியா?"

நான் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் கண்காட்சியைப் பற்றிச் சொன்னாள். என் முருகனைப் பார்த்து அவள் ஒரு முருகனைச் செதுக்கியிருக்கிறாள். அந்த அச்சைப் பார்த்து இரண்டாவது, இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது, அப்படிப் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் என் காலண்டர் தொங்கும். என் காலண்டருக்கும் முன்னால் இருந்தது எதுவோ, அது வேண்டும் என்றாள். கண்காட்சிக்குப் பெயரும் வைத்துவிட்டாள்: திரு. ரோமன் எழுத்தில்.

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இருபது வருடமாக உதட்டோரத்தில் பார்த்த சிரிப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பெரிய போர்டாகத் தொங்குகிற மாதிரி இருந்தது.

"ஒங்கப்பன் போலின்னு ஊருக்கே போர்டு மாட்டப் போறியா?"

செல்வி குரலை உயர்த்தவில்லை.

"மலாய்க்காரங்க அப்படித்தான் படிப்பாங்க. தமிழாளுங்க சாமின்னு படிப்பாங்க. உங்க ஐசி கார்டுல உங்க பேரும் அப்படித்தான் ஆரம்பிக்குது. மூணுக்கும் ஒரே ஸ்பெல்லிங், அப்பா. எனக்குத் தெரிஞ்ச தமிழ் இவ்வளவுதான், இத வச்சுத்தான் நான் பேச முடியும்."

அந்த எழுத்தை வேறு யாரிடமும் காட்டிக் கேட்க மாட்டேன் என்றும் சொன்னாள். நானாகச் சொன்னால் சுவரில் எழுதுவாள். சொல்லாவிட்டால் முதல் ஃபிரேமைக் காலியாக மாட்டிவிடுவாள். கனவு என்று மட்டும் எழுத மாட்டாள்.

இரண்டு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பாக்கியம் சோற்றைப் போட்டுவிட்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். சேகர் ஞாயிற்றுக்கிழமை வந்தவன் விஷயத்தைக் கேட்டு, ஃப்ரீ அட்வர்டைஸ்மெண்ட் லா, விடுங்கப்பா என்றான். அவனுக்கு எல்லாமே கார்தான்.

எனக்கு விளம்பரக் கவலை இல்லை. காலண்டர் விற்கத்தான் செய்யும். அன்றைக்குச் செல்வியின் அழுகையை நிறுத்திய ஒரு வார்த்தை இருக்கிறதே, உனக்காகத்தான் என்று, அது போய்விடுமே என்பதுதான். கை பழக்கத்தில் திரும்பிய படம் என்று ஒப்புக்கொண்டால், அது அவளுக்காக வரைந்தது இல்லை என்று ஆகிவிடும். இருபது வருடம் அவள் அதை நம்பியிருந்தாள் என்று நான் நம்பியிருந்தேன்.

7

துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் கண்காட்சி. போக மாட்டேன் என்று சொன்னவன், பாக்கியம் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றதும் சட்டையை மாட்டிக்கொண்டேன். புறப்படுவதற்கு முன்னால் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் பெரிதாக அந்த நாலு எழுத்து. T, I, R, U. இரண்டு மலாய்க்கார மாணவர்கள் அதைப் படித்துச் சிரித்தபடி உள்ளே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த ஒரு தமிழ் அம்மா, உள்ளே முருகன் தெரிந்ததும், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு போனார். ஒரே போர்டு. நான் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்று இதை வேடிக்கை பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

உள்ளே பன்னிரண்டு படமும் வரிசையாக இருந்தன. முதலாவது என் முருகன் மாதிரியே இருந்தார். போகப் போக மாறிக்கொண்டே வந்தார். ஐந்தாவதில் முகத்தில் அண்ணாச்சி மகன் சாயல் போய், சேகர் சாயல் மாதிரி ஏதோ வந்திருந்தது. எட்டாவதில் மயில் தோகை படகுக்குப் பின்னால் வருகிற நுரை மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் ஒரு கையும் வேலும் மட்டும். இடது கை. கட்டைவிரல் நகத்துக்குக் கீழே ஒரு தழும்பு. செல்விக்குச் சின்ன வயதில் என் கட்டிங் மெஷினில் பட்டது. ஓவியம் எனக்குத் தெரியாது, ஆனால் அச்சு தெரியும். கறுப்பு அவ்வளவு ஆழமாக விழ வேண்டுமானால் எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும் என்று தெரியும். இந்த ஊரில் அப்படி ஒரு கறுப்பை என்னைத் தவிர இன்னொருவர் எடுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வரிசையின் தொடக்கத்தில் என் காலண்டர். அதற்கும் முன்னால் காலி ஃபிரேம். ஒரு வார்த்தைகூடக் கீழே எழுதவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் அதிக நேரம் நின்றார்கள்.

செல்வி வந்து பக்கத்தில் நின்றாள். நான் பையிலிருந்து எடுத்து விரித்தேன். இத்தனை வருடம் சுருட்டியே கிடந்ததில் ஓரமெல்லாம் வெள்ளையாகிவிட்டிருந்தது. மேலே தகரம் துருப்பிடித்து, கீழே தேதிக்கட்டு இல்லாமல். வலது கையில் வேலோடு அண்ணாச்சியின் முருகன்.

"சிவகாசின்னு எழுதியிருக்கு. நீ கேட்டியே, சொரண்டின எழுத்து" என்றேன்.

அவள் இடது கையை நீட்டி வாங்கினாள். வேறு ஒரு நாளாக இருந்தால் வலது கை எங்கே என்று அதட்டியிருப்பேன்.

"யாரு வரைஞ்சது?"

சொன்னேன். மாசிலாமணி அண்ணாச்சி, துணிக்கட்டு மயில், வேலையில்லாத மகன், எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் கனவைச் சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, மற்றதையும் சொன்னேன்.

"உனக்காகப் போட்டேன்னு சொன்னேன் பாரு, அதுவும் இல்ல. கை திரும்பிடுச்சு."

"தெரியும்பா. காலேஜ்ல மொத வருஷம் நானா ஒரு தகடு போட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"அந்த பொய் எனக்கு வேண்டியிருந்துச்சு. நீங்க தப்பாத்தான் போட்டீங்க. ஆனா நான் அழுதப்ப, தப்புன்னு சொல்லாம எனக்குன்னு சொன்னீங்கள்ல?"

நான் படத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். பாக்கியம் மூக்கைச் சிந்தினாள்.

காலண்டரை ஃபிரேமில் வைத்ததும் செல்வி பென்சிலைக் கொடுத்து, அண்ணாச்சி பெயரைக் கீழே எழுதச் சொன்னாள், அவளுக்கு எழுத வராது என்று. எழுதினேன். மாசிலாமணி. நேராக எழுதுகிறேனா என்று ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று பார்த்துத்தான் எழுதினேன். அவர் பெயர் அவர் படத்தின் கீழே வருவது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிறகு அந்தக் கடைசிப் படத்தின் கீழேயும் கையெழுத்துப் போடச் சொன்னாள். ஒரு ஓரத்தில் அவள் தன் எழுத்தில் Tiru என்று படத்தின் பெயரை எழுதியிருந்தாள். மறு ஓரத்தில் நான் என் எழுத்தில் 'திரு' என்று போட்டேன். வழக்கமாகப் போடுகிற முழுப் பெயரைப் போடவில்லை.

பன்னிரண்டு தகட்டையும் அவள் ஆணியால் கோடு இழுத்து மூலையில் அடுக்கி வைத்திருந்தாள். என் கறுப்புத் தகடு மட்டும் தனியாக இருந்தது. அதில் கோடு இல்லை. ஏன் என்று கேட்டேன். அது இன்னும் ஓடும் என்றாள்.

அந்தப் பன்னிரண்டாவது படத்தை ஒரு சீன டாக்டர் வாங்கிக்கொண்டு போனார். என் கையெழுத்தோடு. இதை இங்கே எழுதாமல் விட்டால் என் சுபாவத்துக்கு ஒத்துவராது.

அண்ணாச்சி வீட்டார் யாராவது அங்கே இருந்தால், இந்த மலர் அவர்கள் கையில் கிடைத்தால், அவர்களுக்குச் சொல்லுங்கள். படம் அவருடையது. பினாங்கில் அவர் பெயர் எழுதியிருக்கிறது, எழுதியவன் நான். உங்கள் வீடுகளில் பழைய பினாங்கு முருகன் இருந்தால் கழற்ற வேண்டாம், அவர் பாட்டுக்கு இருக்கட்டும். கனவென்று மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த இடது கை என் தப்பு. அதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை.